பயன்பாடு: இல்லை

என் ஓரகத்திக்கு வீட்டில் ஒரு பட்டப்பெயர் உண்டு, ஹேண்ட்பிரேக். அவள் வந்து உட்கார்ந்தால் ஓடிக்கொண்டிருக்கும் எந்தப் பேச்சும் டக்கென்று நின்றுவிடும் என்று என் கணவர் வைத்தது. அண்ணி காதில் விழாத தூரத்தில்தான் சொல்வார், அவ்வளவு வீரம். நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். ஒரே வீட்டில் அவர்கள் கீழ்த்தளம், நாங்கள் மாடி. காலை ஆறரைக்கு வேனைக் கிளப்ப அவள் படும் பாடும், அந்த வேன் வாங்கும் திட்டும்தான் எங்களுக்கு அலாரம்.

வேன் அவளுடையது இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான பகல் மையத்துடையது. அக்கா அதன் டிரைவர். அதற்கு முன்னால் ஒரு சலவைக் கம்பெனியில் ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். மையத்தின் பழைய டிரைவர் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, ஒரே ஒரு வாரத்துக்கு என்று சொல்லி சலவைக் கம்பெனி முதலாளி இவளை அனுப்பிவைத்தார். பதினாலு வருஷம் ஆகிவிட்டது. அந்த ஒரு வாரம் இன்னும் முடிந்தபாடில்லை.

"மூட்டை வாயைத் திறக்காது, நிம்மதியா ஓட்டிட்டு இருந்தேன். இந்த ஏழு பேரும் பேசிப் பேசியே என்னைச் சாகடிக்கறாங்க" என்பாள். ஆனால் அந்த ஏழு பேரில் ஒருவர் வரவில்லை என்றால் மத்தியானம் வரைக்கும் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

ஏழு பேரும் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள். இரண்டு நடையாகக் கூட்டிவருவாள். மையத்தின் முன்வாசலில் ஒன்பது படி. இந்த மாதிரி ஓர் இடத்துக்கு ஒன்பது படி வைத்தவனை நான் ஒரு தடவை பார்க்கவேண்டும். அதனால் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் திறந்த வெளியில்தான் வேனை ரிவர்ஸில் கொண்டுபோய் நிறுத்துவாள். பின்கதவைத் திறந்து, மடக்கிய இரும்புப் பலகையை விரித்து, நாற்காலியை அதன்மேல் உருட்டிப் பூட்டி, மெல்லத் தரைக்கு இறக்கவேண்டும். பலகைக்கும் நாற்காலி திரும்புவதற்கும் சேர்த்து வேனுக்குப் பின்னால் பன்னிரண்டு அடி வேண்டும்.

பலகையின் மோட்டார் எரிந்து நாலு வருஷம். அந்த மாடலுக்கு உதிரிபாகம் இப்போது வருவதில்லையாம். அவசரத்துக்கு என்று வைத்த கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித்தான் நாலு வருஷமாக அத்தனை பேரையும் ஏற்றி இறக்குகிறாள். வலது தோள்பட்டை போய்விட்டது. இனி அந்தக் கைக்கு வேலை கொடுக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதற்கு, "கழட்டி உங்க மேசையில வெச்சுட்டுப் போகவா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

அந்த ஏழு பேரில் மேஸ்திரியைச் சொல்லவேண்டும். மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவு இல்லாமல் போனவர். ஆள் நல்ல கனம். மையத்தில் சுவிட்ச் போர்டு பூட்டும் வேலை செய்கிறார். எத்தனை போர்டோ அத்தனைக்குக் கூலி. வேன் வராத நாள் அவருக்குக் கூலி இல்லாத நாள். மற்ற ஆறு பேருக்கும் ஏறக்குறைய அதே கதைதான்.

போன வருஷம் நகர நிர்வாகத்துக்கு ஞானம் பிறந்தது. சும்மா கிடக்கும் பொது நிலங்களைக் குத்தகைக்கு விட்டு, அந்தப் பணத்தை மாற்றுத்திறனாளிகள் சேவைக்குச் செலவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். முதல் வேலையாக மையத்துக்கு மோட்டார் லிஃப்ட் வைத்த புது வேன். மைக் கட்டி, நாற்காலி போட்டு அறிவித்தார்கள். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். என்ன நிறம் வேண்டும் என்று கேட்டதற்கு, "அழுக்கு தெரியாத நிறம்" என்றாளாம். அன்று சாயங்காலம் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

நான் வேலை பார்ப்பது அதே நிர்வாகத்தின் நிலப்பிரிவில், மூன்றாவது மாடியில். குத்தகைக் கோப்புகள் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். எங்களுக்கு நிலம் என்றால் எண்தான். எந்தத் தெரு, எந்த மரம் என்றெல்லாம் கிடையாது. சர்வேயர் போய் அளந்து ஒரு படிவம் கொண்டுவருவார். அதில் பதின்மூன்று கட்டங்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மேலிடம் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் எங்கள் பிரிவில் ஒரு வழக்கம்: சர்வேயர் நிரப்பாமல் விட்ட கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிடுவது. எனக்கு முன்னால் இருந்தவர் சொல்லிக்கொடுத்தார். நான் எனக்குப் பின்னால் வந்தவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். கோப்பு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

ஒரு நாள் அக்கா வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக மாடிப்படி அதிர ஏறி வந்தாள்.

"எவன்டி அதைக் காலி இடம்னு எழுதினது?"

"எதை அக்கா?"

"எங்க பின்பக்கத்தை! நாலு பேர் வந்து அளந்து அடையாளக் கம்பி நட்டுட்டுப் போறாங்க. கார் பார்க்கிங் கட்டப் போறாங்களாம். இருபத்தஞ்சு வருஷக் குத்தகையாம். கம்பிக்கும் எங்க கதவுக்கும் நடுவுல மூணு அடிதான் இருக்கு. நான் வண்டியை எங்க நிறுத்துறது, உன் தலையிலயா?"

என் கணவர் மெதுவாக எழுந்து உள்ளே போய்விட்டார்.

"எதுக்காம் இந்தக் குத்தகை? கேளு. எங்களுக்குப் புது வேன் வாங்கவாம்! வேனை வாங்கிக் குடுத்துட்டு, ஆளை இறக்குற இடத்தைப் பிடுங்கிக்குவாங்களாம். இதுக்கு நான் கை வேற தட்டிட்டு வந்தேன்." அவள் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ அங்கதானே இருக்க? யார் எழுதினாங்கன்னு பார்த்துச் சொல்லு" என்றாள்.

மறுநாள் பார்த்தேன். மையத்தின் முகவரி முன்தெருவில் இருக்கிறது. பின்வெளியோ பின்தெருக் கணக்கில், 214/6 என்ற எண்ணில் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தின் முன்னும் பின்னும் என்று எங்கள் கோப்புகளுக்குத் தெரியாது. ஒன்பதாவது கட்டம்: 'தற்போதைய பயன்பாடு'. அதற்கு எதிரே 'இல்லை'. வட்ட வட்டமான என் கையெழுத்து.

சர்வேயரிடம் போனேன். "ஒம்பதாவது கட்டத்தை ஏன் சார் விட்டீங்க?"

"அளக்கச் சொன்னாங்க, அளந்தேன். ஞாயித்துக்கிழமை போனேன், ஆளும் இல்ல வண்டியும் இல்ல, டேப் பிடிக்க வசதி. அங்க யார் என்ன பண்றாங்கன்னு விசாரிக்க நான் என்ன அவங்க மாமனாரா?" என்றார். அப்புறம் கோப்பை எட்டிப் பார்த்து, "இந்த 'இல்லை' என் கையெழுத்து இல்லையே" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் அன்று சாயங்காலமே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. எனக்குப் பதவி உயர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. "நிறைய ஃபைல் இருக்கு அக்கா, தேடணும்" என்று மென்று விழுங்கினேன். அவள் நம்பினாள். அவள் நம்பியதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. வேறு எதையாவது நம்பியிருக்கிறாளா இந்த மனுஷி?

ஆட்சேபணைக்கு முப்பது நாள் என்பது விதி. அறிவிப்பை எங்கே ஒட்டியிருந்தார்கள் என்றால், மூன்றாவது மாடியில், எங்கள் பிரிவுக்கு வெளியே இருக்கும் அறிவிப்புப் பலகையில். அந்தக் கட்டடத்தின் லிஃப்ட்டில் 'பழுது' என்ற அட்டை தொங்கி எத்தனையோ காலம். சக்கர நாற்காலியில் இருப்பவர் அதைப் படிக்கவேண்டும் என்றால் பறந்துதான் வரவேண்டும். முப்பதில் இருபத்தொரு நாள் முடிந்துபோயிருந்தது. அக்கா கைப்பட ஒரு மனு எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்றாம் நாள் பதில் போனது. அதையும் நான்தான் டைப் அடித்தேன்: 'ஆய்வறிக்கையின்படி மேற்படி நிலத்தில் எவ்விதப் பயன்பாடும் இல்லை. இல்லாத பயன்பாட்டுக்கு இடையூறு ஏற்படும் என்பது ஏற்கத்தக்கதல்ல.'

அக்கா அதை மூன்று தடவை படித்தாள். "அப்போ பதினாலு வருஷமா நான் எங்கடி நிறுத்திட்டு இருந்தேன்? ஆகாசத்துலயா?"

அவளை ஒரு கடிதத்தால் மடக்கிவிட முடியாது என்று எனக்குத் தெரியும். தினமும் மத்தியானம் வேனை எங்கள் அலுவலக வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு, மூன்று மாடி ஏறி, உதவி ஆணையரின் அறை முன்னால் உட்கார ஆரம்பித்தாள். நாலாவது நாள் அவர் விசாரணைக்குத் தேதி கொடுத்தார். முப்பதாவது நாளையே கொடுத்தார்.

விசாரணையில் குறிப்பு எடுக்க நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். உதவி ஆணையர் கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய தலைவலி. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போடலாம்.

"அம்மா, உங்க கஷ்டம் புரியுது. பார்க்கிங் வந்தப்புறம் நீங்களும் உள்ளேயே நிறுத்திக்கலாமே? மாசாமாசம் பாஸ் வாங்கிக்கலாம்."

"வாசல்ல ஏழு அடி உயரத்துல குறுக்குக் கம்பி வெக்கப் போறாங்க சார். என் வண்டி ஒம்பது அடி."

"அப்போ ரோட்டுலயே இறக்கிவிட்டா?"

"ரோட்டுல இறக்கி, ஒம்பது படி ஏத்தணும். நீங்க வந்து ஒரு பக்கம் பிடிக்கறீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தனை பேர் இதுல பாதிக்கப்படறாங்க?"

"கூட்டிட்டு வந்திருக்கேன். மேல வர முடியாது. நீங்க எட்டிப் பாருங்க."

அவர் ஜன்னலுக்குப் போனார். நானும் எழுந்து பார்த்தேன். காலையிலேயே இரண்டு நடை அடித்து ஏழு பேரையும் கூட்டிவந்து, வாசலில் வரிசையாக நிறுத்தியிருந்தாள். ஏழு முகமும் அண்ணாந்து எங்களைப் பார்த்தன. மேஸ்திரி கையைத் தூக்கி ஆட்டினார். உதவி ஆணையரும் என்ன செய்வதென்று தெரியாமல் பதிலுக்குக் கையை ஆட்டினார்.

திரும்பி வந்து உட்கார்ந்து, "எல்லாம் சரிம்மா. ஆனா ரெக்கார்டுல பயன்பாடு இல்லைன்னு இருக்கே. ரெக்கார்டு தப்புன்னு எழுதினவங்க சொன்னா ஒழிய, நான் எப்படி மாத்தறது?" என்றார்.

"எழுதினவங்க யாருன்னு காட்டுங்க சார். கண் டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். வண்டி கீழேதான் நிக்குது."

அதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "நான்தான் சார்" என்றேன். "அந்த 'இல்லை' நான் எழுதினது. இடத்தைப் பார்க்கல. கட்டம் காலியா இருந்துச்சு, எழுதிட்டேன்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

எழுத்தில் கொடுத்தேன். அறிக்கை திருத்தப்பட்டது. நிலத்தில் பாதியை மையத்துக்கு ஒதுக்கினார்கள். பாதி இடம் தனக்குக் கட்டுப்படியாகாது என்று பார்க்கிங்காரர் கழன்றுகொண்டார். எனக்கு ஒரு மெமோ. பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப்போனது. அடுத்த வாரமே மையத்துக்கு இன்னொரு கடிதம் போனது: 'நிதி ஆதாரம் இல்லாமையால் வேன் வாங்கும் திட்டம் ஒத்திவைக்கப்படுகிறது.' அதையும் நான்தான் டைப் அடித்தேன். அந்த அலுவலகத்தில் வேறு யாருக்கும் விரலே கிடையாது போலிருக்கிறது.

நாற்பது நாள் அக்கா என்னோடு பேசவில்லை. சொல்லவேண்டியது ஏதாவது இருந்தால் அவள் கணவர் மூலமாக வரும். அவர் தையல்காரர். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசுவார், பாதி புரியாது. "தண்ணி மோட்டாரை நிறுத்தச் சொன்னா" என்பதற்குள் தொட்டி நிரம்பி வழிந்துவிடும்.

நாற்பத்தொன்றாம் நாள் காலை அலுவலகத்துக்கு ஃபோன் வந்தது. "கொஞ்சம் வந்துட்டுப் போ" என்றாள். வைத்துவிட்டாள். மையம் இரண்டு தெரு தள்ளித்தான். ஓடினேன்.

பின்வெளியில் வேன் நின்றது. லிஃப்ட்டுப் பலகை பாதி உயரத்தில் நின்றிருந்தது. அதன்மேல் நாற்காலியில் மேஸ்திரி, மடியில் அக்காவின் ஃபோன். அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தொங்காத குறையாக நின்றாள். உள்ளே பூட்டு தேய்ந்துபோயிருந்தது, கைப்பிடியை விட்டால் பலகை சடாரென்று இறங்கிவிடும்.

"மேல இருந்து பார்த்தா ஊர் நல்லாத்தான் இருக்கு" என்றார் மேஸ்திரி. "எனக்கு என்ன, சாரம் கட்டின ஆளு. நீங்க மெதுவா இறக்குங்க."

"வாயை மூடிட்டு உக்காருங்க. அசைஞ்சீங்கன்னா அப்படியே விட்டுட்டுப் போயிடுவேன்" என்றாள் அக்கா. என்னிடம், "அந்தப் பக்கம் பிடி" என்றாள்.

இரண்டு பேரும் சேர்ந்து சுற்றினோம். ஒரு சுற்றுக்கு ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. நாலே சுற்றில் எனக்குக் கை கழன்றுவிடும்போல இருந்தது. இதையா இவள் நாலு வருஷமாகத் தினமும் செய்கிறாள்? எனக்கு அழுகை வந்தது. மறைக்கவும் கை இல்லை.

"எதுக்கு அழுவுற இப்போ?"

"நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா புது வண்டியாவது வந்திருக்கும் அக்கா."

"வந்து? வண்டியை நிறுத்திட்டு இவரை எங்க இறக்குறது?" அவள் மூச்சு வாங்கினாள். "அப்போ வண்டி இருந்துச்சு, இடம் இல்ல. இப்போ இடம் இருக்கு, வண்டி இல்ல. ரெண்டையும் சேர்த்துக் குடுத்தா அவங்களுக்குக் கை சுட்டுடும். சுத்து, நிறுத்தாத."

மேஸ்திரி தரையைத் தொட்டபோது எங்கள் மூவருக்கும் உடம்பெல்லாம் வியர்வை. "எழுதினதுக்குக்கூட எனக்குக் கோபம் இல்லடி" என்றாள் அக்கா, தோளை அமுக்கிக்கொண்டே. "அத்தனை நாளும் என் மூஞ்சியைப் பார்த்துட்டே இருந்தியே, அதுக்குத்தான்." அவள் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த மாதம் உதவி ஆணையர் கூப்பிட்டு ஒரு கோப்பைக் கொடுத்தார். "வேன் திட்டத்துக்காகக் குத்தகைக்கு விட வேற இடம் பார்த்தாச்சு. 88/3. நல்ல பார்ட்டி ரெடியா இருக்கு. இந்தத் தடவை சீக்கிரம் முடிங்க." பிரித்தேன். ஒன்பதாவது கட்டம் காலி. அந்தச் சர்வேயரைத் திருத்த இனி ஒருத்தர் பிறந்துதான் வரவேண்டும்.

அக்காவிடம் சொன்னேன். இரண்டாவது நடை முடித்து வரும்போது என்னை ஏற்றிக்கொண்டாள். 88/3 என்பது சந்தைச் சுவருக்குப் பின்னால் நீளமாகக் கிடக்கும் ஒரு துண்டு. தள்ளுவண்டிக்காரர்கள் காலை வியாபாரம் முடிந்து வண்டிகளை அங்கே நிறுத்தியிருந்தார்கள். சிலர் மிச்சக் காய்கறியில் அழுகியதைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார்கள். சிலர் வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தை கிடையாது. அன்று வந்து பார்த்தால் வெறும் தரைதான்.

படிவம் என் மடியில் இருந்தது. 'இல்லை' என்று எழுதினால் மூன்று மாதத்தில் புது வேன். யாரும் கேட்கப்போவதில்லை. இவர்களில் யாரும் மூன்றாவது மாடிக்கு வந்து அறிவிப்பைப் படிக்கப்போவதும் இல்லை. நான் அக்காவைப் பார்த்தேன். இடது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. அணைத்தால் மறுபடி கிளம்பாது என்று இன்ஜினை ஓடவிட்டிருந்தாள்.

அவள் தள்ளுவண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, "எத்தனை வண்டி?" என்றாள்.

"பதினேழு அக்கா."

"அந்த மூலையில சக்கரத்தைக் கழட்டிப் போட்டிருக்கே, அதைச் சேர்த்தியா?"

"இல்ல."

"சேர்த்து எழுது. தப்பா எழுதித் தொலைச்சிடாத."

ஒன்பதாவது கட்டத்தில் 'தள்ளுவண்டிகள், பதினெட்டு' என்று எழுதினேன். எழுதி முடிக்கவும் இன்ஜின் இருமிவிட்டு நின்றுபோனது. அக்கா சாவியைத் திருகினாள், வேனைத் திட்டினாள், நகர நிர்வாகத்தைத் திட்டினாள், என்னையும் திட்டினாள். கிளம்பவில்லை. நான் இறங்கித் தனியாகத் தள்ளிப் பார்த்தேன். அதைக் கண்டு, வண்டிக்கு அடியில் படுத்திருந்தவர்களில் நாலு பேர் எழுந்து வந்து தோள் கொடுத்தார்கள். நாங்கள் எதற்கு வந்தோம் என்று அவர்கள் கேட்கவே இல்லை.